தலை போற காரியம்

நாலு பிளாக்கிலும் அவளுக்கு டப்பாக்கா என்றுதான் பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா போட்டுத்தான் கூப்பிட்டார்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாக்களை ஒரு கம்பெனியிலிருந்து நேரடியாக எடுத்து, வீட்டிலிருந்தபடியே விற்பவள். கடையில் கிடைக்காத சரக்கு. நாலைந்து பெண்களை ஓரிடத்தில் உட்கார வைத்து, மூடித் திறந்து, கவிழ்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். அதற்கு டெமோ என்று பேர்.

முன்பு அவள் ஒரு கூரியர் ஆபீஸில் கவுண்டரில் இருந்தாள். இரண்டாவது பிறந்தபோது பார்த்துக்கொள்ள ஆளில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் அவனுக்குப் போன் வரும், பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு ஓடுவான். ஆக வேலையை விட்டவள் அவள்தான். எட்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் லீடர் மேடம் வந்து கதவைத் தட்டினார். ஆட்களைச் சேர்த்துவிட்டு, அவர்கள் விற்பதில் பங்கு பெறும் பெரிய கை.

"வீட்ல இருந்துக்கிட்டே, பசங்களைப் பாத்துக்கிட்டே, நாலு காசு சம்பாதிச்சுக்கிட்டே இருக்கலாம்மா" என்றார் லீடர் மேடம்.

அந்தக் 'கிட்டே'யில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். இரண்டு வருடமாக அவள் எந்த வேலையையும் தனி வேலையாகச் செய்ததில்லை. அடுப்பில் கிளறிக்கிட்டே ஆர்டர் எழுதினாள். சின்னவனைக் குளிப்பாட்டிக்கிட்டே குரல் செய்தி அனுப்பினாள். அவள் அனுப்பும் செய்தி எல்லாவற்றிலும் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் இருக்கும். மகளை வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு, அது ஆறிலிருந்து எட்டுக்குத் தாவியதுகூடத் தெரியாமல் "ம்ம், அப்புறம்?" என்பாள். உட்கார்ந்தால் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகும்.

வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை. கட்டிலுக்கு அடியில் சரக்கு, சோபாவுக்குப் பின்னால் சரக்கு. மூத்தவளுக்கு எட்டு வயது. எல்லோரையும் திருத்துவதால் அவளுக்கு டீச்சரம்மா என்று பட்டப்பெயர். ஒரு அட்டைப்பெட்டியின் மேல் நோட்டை வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, அந்தப் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, என் மேசையை வித்துட்டியா?" என்று கேட்டாள். சின்னவனுக்கு மூன்று வயது. வாண்டு. அவன் ஒரு டப்பா மூடியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ மேடம், நல்லாருக்கீங்களா, எப்ப வரட்டும்?" என்று வீடு முழுக்க நடப்பான். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அடுத்த போன் வரும்வரை.

அந்த வருடம் கம்பெனி ஒரு புது டப்பா விட்டது. மூடியோடு அப்படியே சூடு பண்ணலாம். மூடி நடுவில் ஒரு சின்ன ஓட்டை, அதை அடைக்க ஒரு சிவப்பு ரப்பர் பொத்தான். பொத்தானைத் தூக்கிவிட்டால் ஆவி வெளியே போகும். சுடச்சுட விற்றது. அவள் மட்டும் இருபத்தேழு விற்றாள். பிறகு இரண்டாவது பிளாக்கிலிருந்து ஸ்கூல் வேன் டிரைவரின் மனைவி வந்து, "அக்கா, இந்தப் பொத்தான் தானா கழண்டு வருதுக்கா" என்றாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அவள் லீடர் மேடத்திடம் கேட்டாள்.

"அழுத்திப் போடச் சொல்லு. அழுத்தினா நிக்கும்."

அவளும் அதையே மூன்று பேரிடமும் சொன்னாள். அழுத்திப் போடுங்க, நிக்கும்.

லீடர் மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய டெமோ ஒன்றுக்கு நாள் குறித்தார். அவள் வீட்டிலேயே, பன்னிரண்டு பேர். அதில் ஆறு பேர் அவளுக்குக் கீழே விற்பதற்குச் சேர்ந்துவிட்டால் அவளும் லீடர்தான். கம்பெனி பாஷையில் அதற்கு 'நட்சத்திரம்'. நட்சத்திரமாகிவிட்டால் இப்படி அலைய வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே வரும் என்றார் மேடம். உட்கார்ந்த இடம் என்ற சொல்லைக் கேட்டே அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது.

ஞாயிறு காலை கணவன் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. செருப்பு மாட்டும்போது போன் வந்தது. ஏதோ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம்.

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்களேன்."

"ஆஸ்பத்திரி லிஃப்டுடி. நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மணி பத்தே முக்கால். பதினொன்றுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அவள் பிள்ளைகளைப் படுக்கையறைக்குள் விட்டாள். கலர் பென்சில், ஒரு பாக்கெட் பிஸ்கட். வாண்டு எதற்கும் மசியாமல் கதவையே பார்த்தான். கைக்கு எட்டிய சாம்பிள் டப்பாக்கள் இரண்டை எடுத்து அவன் மடியில் போட்டாள். அவன் உடனே கடை விரித்தான்.

"ஒரு மணி நேரம். தம்பியைப் பாத்துக்கோ. வெளிய மட்டும் வரக் கூடாது."

"பாத்ரூம் வந்தா?" என்றாள் டீச்சரம்மா.

"இப்பவே போயிட்டு வாங்க ரெண்டு பேரும்."

"அவன் அழுதா?"

"பிஸ்கட் குடு. இங்க பாரு, தலை போற காரியமா இருந்தாலும் வெளிய வரக் கூடாது. சரியா?"

"தலை போற காரியம்னா என்னம்மா?"

"வெளிய வராதன்னு அர்த்தம்" என்று கதவைச் சாத்தினாள்.

பன்னிரண்டில் பதினோரு பேர் வந்தார்கள். சோபாவில் நாலு பேர், மற்றவர்கள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளில். படுக்கையறைக் கதவுக்கு நேரே கடைசி நாற்காலியில் மூன்றாவது மாடி நர்ஸ். பத்து டெமோவுக்கு வந்திருப்பார், ஒரு ஸ்பூன்கூட வாங்கியதில்லை. "பாக்கறேன்" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் ஒரே பதில். ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார், கண் பாதி மூடியிருந்தது. லீடர் மேடம் நின்றபடியே எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அவர் கைப்பையில் சேர்வதற்கான படிவங்கள் கட்டாக இருந்தன.

டப்பாக்கா ஆரம்பித்தாள். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. காது மட்டும் கதவில் இருந்தது. உள்ளே வாண்டின் குரல் கேட்டது: "ஹலோ மேடம்." டீச்சரம்மா, "சத்தம் போடாத" என்று அவனைவிடச் சத்தமாகச் சொன்னது கேட்டது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அதுவரை சரி. பிறகு ஒரு சின்ன அழுகை. பிறகு ஒன்றுமில்லை.

பிள்ளைகள் இருக்கிற அறையில் சத்தம் வந்தால் எரிச்சல் வரும், சத்தம் வராவிட்டால் அதைவிட மோசம். டப்பாவில் நீலத் தண்ணீரை ஊற்றி மூடியை அழுத்தும்போது அவள் விரல் வழுக்கியது. எப்போதும் செய்வதுதான். மூடிய டப்பாவை யாராவது ஒருத்தர் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடிப்பாள், ஒரு சொட்டும் விழாது, எல்லோரும் கைதட்டுவார்கள். இன்றைக்கு யார் தலை என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவின் கீழிடுக்கிலிருந்து ஒரு காகிதம் வந்தது.

கோடு போட்ட நோட்டுத்தாள். அவள் நடந்து போகிற சாக்கில் குனிந்து எடுத்தாள். 'அம்மா, வேலை முடிஞ்சிருச்சா?'

பச்சைப் பென்சிலில் எழுதியிருந்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். லீடர் மேடம் கண்ணாலேயே, கண்டுக்காதே, நடத்து என்றார்.

அவள் நர்ஸின் தலைக்கு மேலே டப்பாவைக் கவிழ்த்தாள். "பாருங்க, ஒரு சொட்டு விழுந்தாலும் நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்." சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள்ளேயே இரண்டாவது காகிதம் வந்து அவள் காலடியில் நின்றது. 'இன்னும் எவ்வளவு நேரம்?' நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. சோபாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேன் டிரைவரின் மனைவி படிவத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். நாலு பேர் ஏற்கெனவே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் பத்தே நிமிடம்.

டப்பாக்கா காலைத் தூக்கி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள். அப்படியே நின்றுகொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.

மூன்றாவது காகிதம் அவள் பக்கம் வரவில்லை. சறுக்கிக்கொண்டு போய் நர்ஸின் நாற்காலிக் காலில் முட்டியது. நர்ஸ் எடுத்துப் படித்தார். பாதி மூடியிருந்த கண் முழுசாகத் திறந்தது. எழுந்து, டப்பாக்காவைத் தாண்டிப் போய், கதவைத் திறந்தார்.

கட்டில் ஓரமாக வாண்டு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் கண்ணீரும் சளியும். டீச்சரம்மா அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கண்களும் ஒழுகிக்கொண்டிருந்தன, ஆனால் சத்தமில்லை. பக்கத்தில் திறந்த டப்பா. மூடியின் நடுவில் ஓட்டை மட்டும் இருந்தது.

"சிவப்புப் பொத்தான் மூக்குக்குள்ள போயிருச்சு. நான் விரலை விட்டு எடுத்தேன், இன்னும் உள்ள போயிருச்சு" என்றாள் டீச்சரம்மா.

"வாயிலேருந்து கையை எடு கண்ணு" என்றார் நர்ஸ். "எந்தப் பக்கம்?"

"வலது. அவனோட வலது."

டப்பாக்கா ஓடிவந்து மண்டியிட்டாள். "ஏண்டி கூப்பிடல? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"தலை போற காரியமா இருந்தாலும் வரக் கூடாதுன்னு சொன்னியேம்மா" என்றாள் மகள். "இது மூக்குதானே?"

அவள் வாண்டைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நர்ஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அப்புறம் அழுவலாம். நான் சொல்றதைக் கேளு. இடுக்கி கிடுக்கின்னு யாரும் எடுத்துட்டு வராதீங்க, இன்னும் உள்ள தள்ளிடும். அவனை மடியில படுக்க வை. முத்தம் குடுக்கப்போறேன்னு சொல்லு. வாயைத் திறக்கச் சொல்லி, உன் வாயால அவன் வாயை நல்லா மூடிக்கோ. இந்த இடது மூக்கை நான் அமுக்கிப் பிடிச்சுக்கறேன். முதல்ல லேசா ஊது. உள்ள முட்டுதுன்னு தெரியும். தெரிஞ்சதும் பட்டுனு ஒரு ஊது. அவ்வளவுதான்."

"எனக்கு வராது சிஸ்டர். நீங்களே பண்ணுங்க."

"என்கிட்ட வாயைத் திறப்பானா? உன்கிட்டதான் திறப்பான்."

அவள் குனிந்தாள். "வாண்டு, அம்மா ஒரு பெரிய முத்தா குடுக்கட்டா? ஆ காட்டு." அவன் விம்மிக்கொண்டே வாயைத் திறந்தான். பிஸ்கட் வாசனையும் அழுகை வாசனையும் அடித்தது. முதல் தடவை காற்று கன்னத்தோரமாகக் கசிந்துவிட்டது. இரண்டாவது தடவை நர்ஸ் "இப்ப" என்றார். ஊதினாள். அவள் கன்னத்தில் ஏதோ ஈரமாகப் பட்டுத் தெறித்தது. சளியோடு சளியாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக, தரையில் கிடந்தது சிவப்புப் பொத்தான்.

வாண்டு அதிர்ந்துபோய் ஒரு நொடி பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி" என்றான்.

நர்ஸ் அந்தப் பொத்தானைத் துணியால் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "மூக்கோட நின்னுச்சு. தொண்டைக்கு இறங்கியிருந்தா நானும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடு."

கதவு வாசலில் பத்துத் தலைகள் தெரிந்தன. லீடர் மேடம் அவர்களை விலக்கிக்கொண்டு வந்து, அவள் முதுகைத் தடவினார். கரிசனமாகத்தான் தடவினார்.

"பயந்துட்டியாம்மா? என் பொண்ணு ஒரு தடவை காதுக்குள்ள பட்டாணி போட்டுக்கிட்டா. பசங்கன்னா அப்படித்தான். அதுக்காக ஊர்ல யாராவது பட்டாணி விக்காம இருக்காங்களா? முகத்தைக் கழுவிட்டு வா. அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. இன்னும் ஒண்ணுதான்."

அவள் முகம் கழுவவில்லை. வாண்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு, ஹாலுக்கு வந்தாள். வேன் டிரைவரின் மனைவிக்கும் கைக்குழந்தை உண்டு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இது தானா கழண்டு வருதுன்னு நீ சொன்னே" என்றாள் அவளைப் பார்த்து. "அழுத்திப் போடுன்னு நான் சொன்னேன். எனக்குத் தெரியாமத்தான் சொன்னேன். இந்தச் சிவப்புப் பொத்தான் டப்பா என்கிட்ட வாங்கினவங்க எல்லாரும் திருப்பிக் குடுத்துடுங்க. வேற டப்பா தரேன்."

"என்ன பேசறே நீ?" என்றார் லீடர் மேடம். குரல் இன்னும் மெதுவாகத்தான் இருந்தது. "கம்பெனி சொல்லாம நீயா எப்படித் திருப்பி வாங்குவே? உன்னால எனக்குக் கீழ இருக்கிற முப்பது பேருக்கும் கெட்ட பேரு."

"அந்த முப்பது பேர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க மேடம்."

ஹாலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தி தான் எழுதிய படிவத்தை மெல்ல மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். லீடர் மேடம் மற்ற படிவங்களைக் கைப்பையில் போட்டு, வாசலில் நின்று செருப்பு மாட்டும்போது சொன்னார்: "கைக்கு வந்த நட்சத்திரம்மா. நீயே ஊதித் தள்ளிட்டே."

சாயங்காலம் கணவன் வந்து எல்லாவற்றையும் கேட்டான். வாண்டின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த மூக்கு?" என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. மறுநாள் டாக்டரிடம் வாண்டைத் தூக்கிக்கொண்டு போனது அவன்தான். ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபத்தேழு வீடு. பள்ளி விட்டதும் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு படியேறினாள், இறங்கினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. சிலர் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். நாலாவது பிளாக்கில் ஒரு அம்மா, "உன் பையன் மூக்குல போட்டுக்கிட்டா அதுக்கு என் டப்பா என்ன செய்யும்? எனக்குப் பிடிச்ச டப்பா" என்று கதவை மூடிக்கொண்டாள். அங்கே சின்னப் பிள்ளைகள் இல்லை என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்ட பிறகுதான் அவள் நகர்ந்தாள். கம்பெனிக்குப் பொத்தானைப் படமெடுத்து எழுதினாள். தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. லீடர் மேடத்தின் குழுவிலிருந்து அவள் எண் நீக்கப்பட்டிருந்தது. ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த போன் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. ஆனாலும் அவள் கை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதைத் தடவிப் பார்த்தது.

புதன்கிழமை இரண்டாவது பிளாக் படியில் ஏறும்போது டீச்சரம்மா சொன்னாள்:

"நான் கீழ படுத்து இடுக்கு வழியா பாத்துட்டே இருந்தேன்."

"எதை?"

"ரெண்டாவது லெட்டரை நீ எடுப்பியான்னு. உன் கால் வந்து அது மேல நின்னுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ பாக்கலைன்னு நெனச்சேன். அதான் இன்னொண்ணு எழுதினேன்" என்றாள்.

பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். மகளே வழிவிட்டுக் கொடுக்கிறாள். டப்பாக்கா படியிலேயே உட்கார்ந்தாள். வாண்டு அவள் கையை இழுத்தான்.

"பாத்தேன்" என்றாள். "படிச்சேன். படிச்சிட்டுத்தான் மிதிச்சேன்."

டீச்சரம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை. தப்பான விடை எழுதிய பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அம்மாவைப் பார்த்தாள். "அப்படிப் பண்ணக் கூடாது" என்றாள்.

"பண்ணக் கூடாது."

"சரி, எந்திரி. வேன் ஆன்ட்டி வீடு மேல."

வேன் டிரைவரின் மனைவி டப்பாவை எடுத்து வந்தாள். மூடியில் ஓட்டை மட்டும் இருந்தது. "பொத்தான் எங்க விழுந்துச்சுன்னே தெரியலக்கா. ஒரு வாரமாச்சு" என்றாள். அவள் குழந்தை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. டப்பாக்கா வாண்டின் கையை விட்டாள். கேட்காமல் கொள்ளாமல் தரையில் படுத்துவிட்டாள். சோபாவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், குப்பைத்தொட்டிக்குள். வேன் டிரைவர் பனியனோடு வந்து பார்த்துவிட்டு, அவரும் முட்டிபோட்டார். முக்கால் மணி நேரம். கடைசியில் பிரிட்ஜின் அடியிலிருந்து டீச்சரம்மாதான் ஒரு ஸ்கேலை விட்டுத் தள்ளி அதை எடுத்தாள். தூசியும் முடியும் சுற்றிக் கிடந்தது. வேன் டிரைவரின் மனைவி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள், தேவையில்லாமல் அதன் வாயைத் திறந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வியாபாரம் படுத்துக்கிடந்தது. திருப்பி வாங்கியதற்குப் பதிலாகக் கொடுத்ததில் வீட்டுச் சரக்கு பாதி தீர்ந்தது. கட்டிலுக்கு அடியில் தரை தெரிந்தது. அவள் கூரியர் ஆபீஸுக்குக்கூட ஒரு தடவை போய் விசாரித்துவிட்டு வந்தாள். பழைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆனால் நாலு பிளாக்கிலும் பேச்சுப் பரவியிருந்தது. தானே வந்து திருப்பி வாங்கியவள் என்று யார் யாரோ சொல்லி, ஒன்றிரண்டாக ஆர்டர் வந்தது. மூன்றாவது மாடி நர்ஸ் ஒரு நாள் வாசலில் நின்று, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினார். "பாக்கறேன்னு எத்தனை வருஷம்தான் சொல்றது" என்றார்.

லீடர் மேடம் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார், எதுவுமே நடக்காத மாதிரி. கம்பெனி அந்த மூடியை மாற்றிவிட்டதாம், பொத்தான் இப்போது மூடியோடு ஒட்டி வருகிறதாம். "நீ அன்னைக்குச் சொன்னது சரிதாம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. "வர்ற ஞாயித்துக்கிழமை உன் வீட்ல ஒரு டெமோ போடலாமா?"

"விக்கறேன் மேடம். ஆனா எங்க வீட்ல வேண்டாம். வாங்கறவங்க வீட்டுக்கு நான் போறேன். அவரு லீவா இருக்கிற நாள்ல மட்டும். அவருக்குப் போன் வந்தா எனக்கு டெமோ கிடையாது."

"இப்படி இருந்தா நட்சத்திரம் கஷ்டம்மா."

"கஷ்டம்தான்."

மேடம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். குளியலறையில் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, யார் யார்மேல் முதலில் தண்ணீர் ஊற்றியது என்று. "அம்மா!" என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. அவள் அந்தப் பேச்சின் நடுவிலேயே, "வெச்சிடறேன் மேடம்" என்று போனை வைத்துவிட்டு எழுந்து போனாள்.